ரெண்டே ரெண்டு சீட்டு

எங்க வூட்டுல அப்ப நாலு பேரு. நானு, எங்க வூட்டுக்காரரு, அவரோட அக்கா, மாமியாரு. வந்து சேர்ந்த காருலயோ ரெண்டே ரெண்டு சீட்டு. ஓட்டறவரு ஒண்ணுல உக்காந்துட்டா மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணுக்காக நான் பட்ட பொறாமையைச் சொன்னா இன்னிக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரல.

அவருக்கு செஞ்சியில மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, மூட்டை எடை போடற வேலை. பாண்டிச்சேரியில இருந்த வெள்ளைக்காரங்க ஊருக்குக் கப்பல் ஏறினப்ப விட்டுட்டுப் போன சாமானுங்களை மண்டி முதலாளி மொத்தமா ஏலத்துல எடுத்தாரு. கட்டிலு, அலமாரியோட ஒரு மொட்டைக் காரும் சேர்ந்து வந்துடுச்சு. கூரை கெடயாது. தரையோட தரையா பம்மிக்கிட்டு நிக்கும். ஸ்டியரிங்கு இடது பக்கம். ஒரு காலத்துல ரேஸ் வுட்ட வண்டியாம். நான் பாக்கறப்ப எஞ்சின் இறுகிப்போயி, சீட்டு மேல கோழி எச்சமா கெடந்துது. "இத வெச்சு நான் நாத்தங்காலா உழப் போறேன்? வேணும்னா நீ இழுத்துட்டுப் போ"ன்னாரு முதலாளி. இவரும் நெல்லு லாரிக்குப் பின்னாடி தாம்புக்கயிறு கட்டி இழுத்துக்கிட்டே வந்துட்டாரு. மாட்டை வெளிய கட்டிட்டு, கொட்டாயில காரை நிறுத்தினாரு.

எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக்கூடாது. கல்யாணமாயி நாலு வருஷத்துல அவரோட நான் தனியாப் போன இடம்னு ஒண்ணு கெடயாது. கோயிலுக்குப் போனாலும் மாமியாரு, சந்தைக்குப் போனாலும் மாமியாரு. கார் வந்த அன்னிக்கே அவரு, "இது மட்டும் ஓடட்டும், பனமலை ஏரிக்கரைக்கு ஒரே ஓட்டா போயிட்டு வரணும்"னாரு. யாரைக் கூட்டிக்கிட்டுன்னு சொல்லல. நான்தான்னு நெனச்சுக்கிட்டேன். வேற யாரு?

வேற யாருன்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சுபோச்சு. என் நாத்தனாரு, அவரோட அக்கா, திண்டிவனத்துல லாரி ஒர்க்‌ஷாப்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவங்க. பிள்ளைகுட்டி இல்லாததால பொழுதன்னிக்கும் புருஷன்கூடவே ஒர்க்‌ஷாப்புல நின்னு, எந்தெந்த நட்டுக்கு எந்தெந்த ஸ்பேனருன்னு கத்துக்கிட்டாங்க. அந்தப் புருஷன் தவறினதும் ஒரு டிரங்குப் பொட்டி புடவையும் ஒரு மரப்பொட்டி ஸ்பேனருமா எங்க வூட்டுக்கு வந்தாங்க. வந்த ரெண்டு வருஷத்துல அந்த மரப்பொட்டியைத் திறந்து நான் பார்த்ததே இல்ல. கார் வந்த மூணாம் நாளு திறந்தாங்க.

அப்புறம் என்னா? தம்பி மண்டியிலிருந்து வந்து காபியை நின்னுக்கிட்டே குடிச்சுட்டு, "அக்கா"ன்னுக்கிட்டு கொட்டாய்க்கு ஓடிடுவாரு. நான் ஒருத்தி அடுப்பங்கரையில இருக்கறது ஞாபகமே இருக்காது. எஞ்சின் அசையலன்னதும் நாத்தனாருதான் பிளக்கைக் கழட்டி உள்ள மண்ணெண்ணெய் ஊத்தினாங்க. "எட்டு நாளு தொடாத"ன்னாங்க. எனக்கு ரேஷன்ல வர்ற மண்ணெண்ணெய்! நான் விறகை ஊதி ஊதி கண்ணு செவந்து கெடக்கறேன், காரு நல்லா குடிக்குது. ஒன்பதாம் நாளு எஞ்சின் சுத்துச்சு. அக்காளும் தம்பியும் ஹோன்னு கத்தினாங்க. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

காசு போட்டு எதையும் வாங்க வழி கெடயாது. எஞ்சினுக்குத் தண்ணி போற ஓஸுக்குப் பழைய பஸ் டியூப்பை வெட்டினாங்க. துருவைச் செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சாங்க. பெயிண்ட்டு, முதலாளி வூட்டு கேட்டுக்கு அடிச்ச மிச்சம், பச்சை. சீட்டுக்குப் பஞ்சு வேணும்னாரு. எங்க நைனா எனக்குச் சீரா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை நானே பிரிச்சுக் கொடுத்தேன். யாரும் கேக்கல, நானா கொடுத்தேன். என் மெத்தை, நான் தைச்ச உறை, அப்ப நான்தானே உக்காரணும்? அதுதான் என் கணக்கு. எல்லாரு முன்னாலயும் அவரு என் கையைப் புடிச்சு அந்தச் சீட்டுல உக்கார வெக்கணும். பொண்டாட்டின்னு எனக்கு ஒரு இடம் இருக்குதுன்னு தெரு பாக்கணும்.

ஒரு நாள் மோர் கொண்டு போறேன். எஞ்சினு ஓடுது, ஆனா இருமுது. அதுல காத்து இழுக்கற வாயி ரெண்டு இருக்குதாம். ரெண்டும் ஒரே மாதிரி இழுத்தாத்தான் வண்டி சீரா ஓடுமாம். அதுக்கு நாத்தனாரு ஒரு ரப்பர் குழாயை அந்த வாயில வெச்சு, மறுமுனையைத் தம்பி காதுல வெச்சு, "கேளு, இது உஸ்ஸுங்குது, அது ஹூங்குது"ன்னாங்க. அவரு கேட்டுட்டு, "நீ கேளு"ன்னு அவங்க காதுல வெச்சாரு. ரெண்டு தலையும் முட்டிக்கிட்டு நிக்குது. அந்த மூஞ்சியில இருந்த சந்தோஷத்தை நான் அதுவரைக்கும் பார்த்தது இல்ல. என்கிட்ட அவரு பேசறதெல்லாம் "சோறு ஆச்சா", "உப்பு கம்மி". மோரைப் படீர்னு வெச்சேன். பாதி கொட்டிடுச்சு. "பாத்து வெய்யேன்"னாரு, திரும்பாமலே.

மாமியாரு வேற, "அக்கா தம்பின்னா சும்மாவா? தானாடாட்டியும் தன் சதை ஆடும்"னாங்க. எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தறதுன்னா அதுதான். அன்னிக்கு ராத்திரி நான் சாப்புடல. ஏன் சாப்புடலன்னு கேட்டதும் நாத்தனாருதான், அவரு இல்ல. கேட்டதுக்கும் கோவம் வந்துது.

வண்டி எடுக்கற நாளு, வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பாத்து தெருவே கூடிடுச்சு. வண்டி முன்னாடி கோலம் போட்டேன். கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு, பூசணிக்கா உடைச்சாச்சு. அவரு ஏறி உக்காந்து எஞ்சினைப் போட்டாரு. ஒரு இருமல் இல்ல. நான் ஒரு அடி முன்னால வெச்சேன்.

"அக்கா, வாயேன்"னாரு.

நாத்தனாரு கொட்டாய் வாசல்லேருந்து வந்தாங்க. அன்னிக்குத்தான் அவங்க கையில கிரீஸ் கருப்பு இல்லாம பாக்கறேன். மறுபக்கம் சுத்தி வந்து, கதவைத் திறந்து, நான் தைச்ச சீட்டு மேல இருந்த தூசியை முந்தானையால தட்டினாங்க.

எனக்கு என்னா ஆச்சுன்னு தெரியல. தெரியலன்னு சொல்றதும் பொய்தான். நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னேன். "நல்ல காரியத்துல நீங்க எதுக்கு அண்ணி முன்னால வந்து நிக்கறீங்க? தாலி இருக்கறவ நான் இருக்கறேன் இல்ல?"

யாரும் என்னை ஏன்னு கேக்கல. ஊரு வழக்கம் என் பக்கம், அது தெரிஞ்சுதான் அந்த வார்த்தையை எடுத்தேன். பூசணிக்கா உடைச்ச கெழவி தலையைக்கூட ஆட்டினா. நாத்தனாரு கையை எடுத்துக்கிட்டாங்க. அழல, முறைக்கல. கதவை மட்டும் மூடாம அப்படியே விட்டுட்டு, கொட்டாய்க்குப் போகாம வூட்டுக்குள்ள போயிட்டாங்க.

நான் ஏறி உக்காந்தேன். ஜெயிச்சுட்டேன் இல்ல?

கோட்டை மலையைத் தாண்டி, ஊரெல்லாம் தாண்டி வண்டி பறக்குது. வயல்ல இருக்கறவங்க எழுந்து எழுந்து பாக்கறாங்க. காத்துல என் முந்தானை நிக்கல. எத்தினி நாள் கனவு! "நல்லா ஓடுது இல்ல?"ன்னேன். ரோட்டையே பாத்து ஓட்டினாரு. "சீட்டு மெத்துன்னு இருக்குது"ன்னேன். கியரை மாத்தினாரு.

பனமலை ஏரிக்கரையில நிறுத்தி எஞ்சினை அணைச்சாரு. ஏரியில தண்ணி நெறஞ்சு கெடந்துது. அவரு தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் அக்காவைத்தான் மொதல்ல ஏத்தறதா இருந்தேன். அது இல்லாம இந்த வண்டி ஏது? நேத்து சொன்னேன், அது ஒத்துக்கவே இல்ல. 'நாலு வருஷமா அந்தப் பொண்ணை நீ எங்கடா கூட்டிட்டுப் போன? அவதான் ஏறணும். நானே கதவைத் திறந்து உக்கார வெக்கறேன்'னுச்சு. அதுக்குத்தான் கூப்புட்டேன். அதுக்குத்தான் அது வந்துது."

நான் அழுதேன். அவரு அழட்டும்னு விட்டுட்டாரு, செஞ்ச பாவத்துக்கு அழறேன்னு நெனச்சிருப்பாரு. பாவந்தான். வூட்டுக்குப் போனதும் நாத்தனாரு கால்ல விழுந்தேன், "எழுந்திரு, வண்டி சூடேறுச்சா?"ன்னுதான் கேட்டாங்க. ஆனா ஏரிக்கரையில நான் அழுதது அதுக்கில்ல. இத்தினி வருஷம் யாருகிட்டயும் சொல்லல. என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நாத்தனாருக்குத் தோணியிருக்குது, அவருக்குத் தோணல. என் புருஷன் பக்கத்துல நான் உக்காந்த அந்தச் சீட்டுகூட அவங்க கொடுத்ததுதான். அங்க உக்காந்துக்கிட்டே, முன்ன எப்பவும் இல்லாத அளவுக்கு அவங்க மேல பொறாமைப்பட்டேன்.