கடல் பார்க்கக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை

நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. 2011, ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடந்தது எனக்கு, இந்தப் பூமாரிக்கு.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மிஷின் லைனில் நின்றேன். ஹாஸ்டல் ஸ்ரீபெரும்புதூரில். ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள். பகல் ஷிஃப்ட்காரி ராத்திரி படுப்பாள், ராத்திரி ஷிஃப்ட்காரி பகலில் படுப்பாள். கம்பெனிக்கு அவ்வளவு சிக்கனம்! என் கட்டிலில் இன்னொருத்தி செல்வலட்சுமி. குலசேகரன்பட்டினம் பக்கம், கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். ஒரே தலையணையில் மாதக்கணக்காகப் படுத்தும் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. என் பஸ் திரும்பும்போது அவள் பஸ் எதிரே போகும், அவ்வளவுதான். கம்பெனி பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ‘கிளம்பிட்டேன், கட்டில் உனக்கு’ என்று அர்த்தம். தலையணைக்கு அடியில் கருப்பட்டி மிட்டாய் வைத்துவிட்டுப் போவாள். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஸ்டு கால் வந்தது. சனிக்கிழமை வரவில்லை. மிட்டாயும் இல்லை.

மறுநாள் காலையில் திடீரென்று, எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். தீபாவளிக்கே நிற்காத லைனை நிறுத்திவிட்டு! உப்புக் காற்றுக்குக் கெட்டுவிடும் என்று போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரி ஷிஃப்ட் பெண்களைத் தனி பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கள் பின்னால் வரவேயில்லை.

சூப்பர்வைசர் கோதண்டராமனிடம் கேட்டேன். “சார், செல்வலட்சுமி வரலையா?”

“அது வேற பஸ்ல வருது. சும்மா தொணதொணன்னுகினு... ஏறும்மா.”

மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் இறக்கிவிட்டார்கள். பாறை ஏறி, கரையோரமாகவே முகத்துவாரம் வரை நடந்து, தோப்புக்குப் பின்னால் மண்பாதையில் சுற்றி, பஸ்ஸுக்கே வந்து சேரவேண்டும். கடைசி ஆள் வந்த பிறகுதான் பஸ் எடுப்போம் என்றார் கோதண்டராமன். பாறை மேலிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் கடல். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார்கள். நான் பின்தங்கினேன்.

பின்னால் சத்தம். சர்ர்... சர்ர்... யாரோ காலை இழுத்து இழுத்து வருகிறார்கள்.

“நீதான பூமாரி?”

திரும்பினேன். கம்பெனி கோட்டு, அதில் செல்வலட்சுமி என்று பேட்ஜ், தலையில் தொப்பி. லீவு நாளில்கூடவா! சந்தோஷத்தில் கத்திவிட்டேன். “ஏட்டி செல்வலட்சுமி! எப்ப வந்த?”

“மிட்டாய் வைக்க முடியல. கோவிச்சுக்காத.”

சேர்ந்து நடந்தோம். அவள் கடல் பக்கம், நான் கரைப் பக்கம். காற்றில் என் துப்பட்டா நிற்கவில்லை. அவள் கோட்டு அசையவே இல்லை. கடல்கரையிலேயே பிறந்தவள், கடலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை...

முகத்துவாரத்தில் நின்றாள்.

“அப்பா இன்னைக்கு ஹாஸ்டலுக்கு வாராவ.”

“அப்ப நீ அங்கல்லா இருக்கணும்?”

“நான் வேலைக்கே வரல, ஊர் சுத்தப் போயிட்டேன்னு அவுககிட்ட சொல்லப் போறானுவ. வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறுனது உனக்குத் தெரியும்லா?”

“தெரியும். மிஸ்டு கால் வந்துச்சே.”

“அதை அப்பாட்ட சொல்லிரு. வேகமாப் போ.”

அப்போதுதான் பார்த்தேன். கோட்டின் வலது கை... முழங்கைக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது.

உள்ளே ஒன்றும் இல்லை.

“ஏட்டி... கை?”

ஓர் அலை வந்து காலை நனைத்தது. குனிந்து நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

கைக்கடிகாரத்தில் மணி ஐந்தே கால்.

ஓடினேன்.

பஸ்ஸடியில் கோதண்டராமன் நின்றார். “சார், உடனே ஹாஸ்டலுக்குப் போகணும். செல்வலட்சுமி அப்பா வந்திருக்கார்.”

“உனுக்கு யார் சொன்னது?”

“அவதான். இப்ப. அந்த முகத்துவாரத்துல.”

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்க்காமலே மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் இன்னொரு ரவுண்டு சுத்திகினு வாங்க. டைம் கீது!”

பாவி. சுற்றினோம். கால் கடுக்கச் சுற்றினோம்.

ஹாஸ்டல் வாசலில் சமையல்கார கோவிந்தம்மா அழுதுகொண்டு நின்றாள்.

“அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை நைட்டே மிஷின்ல கை மாட்டி செத்துட்ச்சும்மா. வேலைக்கே வரல, எங்கியோ சுத்தப் போயி லாரில அடிபட்டுட்ச்சுன்னு அவங்கப்பாகிட்ட சொல்லிட்டானுங்க. எனுக்கே அவரு போனப்புறம்தான் ஆம்புலன்ஸ்காரன் சொன்னான்.”

“எப்பப் போனார்?”

“அரை மணி ஆவுது. எம்மவகூட இருந்த ஒரு புள்ளையாவது இருக்கான்னு கேட்டுகினே படிக்கட்டுல குந்தினு இருந்தாரு. எல்லாம் கடல் பாக்கப் போயிருக்குதுங்கன்னேன். ‘கடல் பாக்கவா?’ன்னு ஒரு தபா கேட்டாரு. அப்புறம் அந்தப் பொண்ணோட துணிப் பெட்டிய தோள்ல வெச்சிகினு போயிட்டாரு.”

அப்படியென்றால், அன்றைக்கு என்னோடு நடந்தது யார்? எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையே அந்தக் கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாள். கம்பெனியில் வாயைத் திறந்து கேட்டேன், அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள். குலசேகரன்பட்டினம் போய் விசாரித்தேன். வீடு பூட்டியிருந்தது. மகளைப் பற்றிய ஊர்ப்பேச்சு தாங்காமல் ஊரைவிட்டே போய்விட்டார்களாம்.

செல்வலட்சுமியோட அப்பா, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி. உங்கள் மகள் வேலைக்குத்தான் போனாள்.