லைமனுக்குச் சேர வேண்டிய மணிகள்

போன ஜனவரியில் லைமன் டட்டிலின் சவப்பெட்டியை ஏற்றிய பனிச்சறுக்கு வண்டி எங்கள் தெரு வழியே ஜல்ஜல்லென்று போயிற்று. சாவு வண்டிக்கு மணி கட்டி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாதிரியாருக்கு முகம் சுண்டிவிட்டது. பிடிவாதமாக அந்த மணிவாரைக் குதிரைக்குக் கட்டியவள் என் பக்கத்து வீட்டு ஹல்டா ஃபார்னம். எழுபது வயது. நல்லவள் என்று நான் சொல்லமாட்டேன். வெர்மாண்ட் மாநிலத்திலேயே அவளைப் போல அழுத்தக்காரி கிடையாது.

தோல்வாரில் முப்பது பித்தளை மணிகள், பெரியதில் தொடங்கிச் சுண்டைக்காய் அளவு வரை. அவள் கணவன் ஏசாவின் தாத்தா வாங்கியவை. பாஸ்டனிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து கேட்டார்.

"பழசுதான் வேணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க" என்று கதவைச் சாத்தினாள்.

பனியில் குளம்புச் சத்தம் கேட்காது. அதனால்தான் மணி. ஒவ்வொரு வாருக்கும் ஒரு குரல். வருவது யார் வண்டி என்று அடுப்படியில் நின்றபடியே பெண்கள் சொல்லிவிடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. பனியில் புதைந்த வண்டியை ஒருவன் இழுத்துவிட்டால், புதைந்தவன் தன் மணியைக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஏசா ஏரிக்கு அக்கரையில் மாவரைத்துத் திரும்பும்போது வண்டி புதைந்தது. பின்னால் வந்த லைமன் இழுத்துவிட்டான். சிரித்துக்கொண்டே மணிவாரை வாங்கித் தன் குதிரைக்கு மாட்டிக்கொண்டு, உறைந்த ஏரியைக் கடந்து, ஏசாவின் கொட்டகையைத் தாண்டி முன்னால் தன் வீடு போய்ச் சேர்ந்தான். ஏசாவின் கிழட்டுக் குதிரை மெல்லப் பின்னால் வந்தது. பனி கொட்டத் தொடங்கியது. கரையோரத்தில் விற்பதற்காக ஐஸ் பாளங்கள் வெட்டி எடுத்த பள்ளம், மேலே மெல்லிசாக உறைந்து மூடிக் கிடந்தது. மறுநாள் காலையில்தான் அதற்குள் ஏசாவின் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

லைமன் மணிவாரைக் கொண்டுவந்து ஹல்டாவின் கதவில் மாட்டிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

"ஐஸ் வெட்டுறவங்க அப்போ ஏரியிலதான் இருந்தாங்க. மணி கேட்டிருந்தா சத்தம் போட்டு நிறுத்தியிருப்பாங்க. நான்தான் கொன்னுட்டேன்."

அதன் பிறகு அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வருஷாவருஷம் அவளுக்கு விறகு பிளந்து அடுக்கினான். எவ்வளவு பெரிய மனசு அவளுக்கு, மன்னித்துவிட்டாளே என்று ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

போன ஜனவரியில் லைமனின் அடக்கம் முடிந்து வந்து, ஹல்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் என் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஜன்னல்ல விளக்கு வச்சிருந்தேன். பனி கொட்டுறப்போ ஏரியில வர்றவனுக்கு அதுதான் வழி. நேரா விளக்கைப் பார்த்து வந்தா பள்ளத்துக்கு இந்தப் பக்கமா கரை ஏறிடலாம்."

"தெரியுமே."

"எங்க மணி கேட்டுச்சு. கொட்டகைப் பக்கம் போச்சு. ஏசா வந்துட்டான், குதிரையை அவிழ்க்கிறான்னு நினைச்சு விளக்கை ஊதி அணைச்சுட்டேன். எண்ணெய் எதுக்கு வீணாகணும்? பீன்ஸைச் சூடு பண்ணித் தட்டு வச்சேன். ஆறிப்போச்சு, ஆளைக் காணோம். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தா அங்க குதிரையே இல்ல. ஓடிவந்து விளக்கை ஏத்தினேன். அதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிருச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "லைமன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பாவம், அந்த மனுஷன் வாழ்க்கையே போச்சே!"

"அவன் சுமந்தான், எனக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு" என்றாள், கண்ணை ஏறெடுக்காமல். "ஒவ்வொரு வருஷமும் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். விறகை அடுக்கி முடிச்சுத் தொப்பியைக் கழட்டிட்டு நிப்பான். 'என்னை மன்னிச்சிடு ஹல்டா'ம்பான். 'பரவாயில்ல லைமன், விடு'ன்னுட்டுக் காபி ஊத்துவேன்."