நடுவில் நின்ற கேஜ்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கால் தரிக்காது. மற்ற நாட்களில் பெங்களூர் ரயில் என்னை வேலைக்கு வாரிக்கொண்டு போய்விடும். அன்று மட்டும் நானே என்னைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும். அடுப்படி, வாசல், மறுபடி அடுப்படி. நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்தடியிலிருந்து ஒரே சத்தம். என் எட்டு வயது மகளும் அங்கேதான் இருந்தாள். போய்ப் பார்த்தேன்.

கேஜ் விளையாட்டு. சுரங்கம் மூடியபின் பிறந்த பிள்ளைகள். ஷாஃப்ட் குழிக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜை ஒருத்தியும் பார்த்ததில்லை. ஆனாலும் கிளையில் கிணற்றுக் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் ஸ்கூட்டர் டயர். பக்கத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. ஓரடி அடித்தால் நிறுத்து, இரண்டு இறக்கு, மூன்று ஏற்று.

மகள் படியிறங்கவே என் விரலைத் தேடுகிறவள். பள்ளி ஓட்டத்தில் இடறியபோது கையை ஊன்றத் தெரியாமல் முகம் அடிபட விழுந்தாள். விழுவதற்கும் உடம்புக்குப் பழக்கம் வேண்டும். அதை வாயால் சொல்லித்தர முடியாது. அன்றைக்கு அவளே டயரில் உட்கார்ந்திருந்தாள். இப்போது பின்வாங்கினால் இனி எந்த மரத்தடிக்கும் போகமாட்டாள். எனக்கு அது தெரிந்திருந்தது.

மணி மூன்றடி அடித்தது. கயிற்றை இழுத்தார்கள். ஓட்டுக்கூரை உயரம் வந்ததும் அவள் கண்ணை இறுக மூடி அலறினாள். என் கால் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. இறக்கச் சொல்லி இரண்டு அடிக்கத்தான் மணியடிக்கிற கல்லை எடுத்தேன். பதற்றத்தில் ஒரே அடி அடித்துவிட்டேன். டயர் அப்படியே நின்றது, அந்தரத்தில்.

"இறக்குங்கடி."

கயிற்றை முன்னால் பிடித்திருந்த பெரிய பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னா ஆண்ட்டி, ஸ்டாப்பு அடிச்சிட்டு இறக்குன்றீங்க. நின்னா அப்பால கேஜ்ல இருக்கறவதான் சொல்லணும்."

"அவ பயந்துட்டாடி."

"அவளுக்கு வாய் இல்லியா? சும்மா நில்லுங்க, சிரிப்பு காட்டாதீங்க. கை நழுவிடும்."

மணியை மீறிக் கேஜை அசைத்தால் உயிர் போகும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். கல்லைக் கீழே வைத்தேன். வியர்த்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மேலே அவள் கண்ணைத் திறந்தாள். கயிற்றைப் பார்த்தாள். ஒரு கையைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்து, நழுவிய காலை டயருக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, கயிறு தாங்குமா?"

"நேத்து என்னியே தாங்கிச்சி. நீ ஈர்க்குச்சி."

அவள் கிளையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சின்னக் குரல்: "மூணு."

மணி அடித்தது. ஏறினாள். கிளையைக் கட்டிக்கொண்டபோது முட்டி சிராய்ந்து சிவந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, நீ வீட்டுக்குப் போ. உன்னப் பாத்தாதான் எனக்குக் கைகால் ஒதறுது."

எல்லாரும் சிரித்தார்கள். போனேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன், புளியமரம் தெரியும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.