பதினைந்து வார்த்தைகள்

அருந்ததிக்கு எதைப் பார்த்தாலும் தலைப்பு வைக்காமல் இருக்க முடியாது. கோயிலில் வரிசையில் நின்றாலும் சரி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் சரி, எதிரே இருப்பவரை மனம் தானாக எழுதிக்கொண்டிருக்கும்: 'குடை பிடித்த பெண், மழை, சூலியா தெரு, பினாங்கு.' வயது முப்பத்தாறு. ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற விநாசித்தம்பியின் மூத்த மகள். கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அவளும் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. பிஷப் தெருவில் ஒரு மாடியில் விஸ்வலிங்கம் நடத்திய படக் களஞ்சியத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள்.

படக் களஞ்சியம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஓயாமல் இரையும் ஒரு ஏர்கான், சுவர் முழுக்க இழுப்பறைகள், அவ்வளவுதான். படம் எடுப்பவர்கள் சிலைடுகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். பத்திரிகைக்காரர்களும் விளம்பரக் கம்பெனிகளும் காலண்டர் அடிப்பவர்களும் வேண்டியதை வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் யாரும் மாடியேறி வந்து படத்தைப் பார்த்துத் தேடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து போன் வரும், 'மீனவர் இருக்கா, கிழவரா இருந்தா நல்லது' என்று. மீனவர் என்ற இழுப்பறையைத் திறந்தால் எந்தெந்தச் சிலைடு என்று எண் இருக்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கார்டு: மேலே தலைப்பு, அதன் கீழே இரண்டு வரி விவரம், அடியில் தேடுசொற்கள். இதை எழுதுவதுதான் அருந்ததியின் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. படம் எடுத்தவர் 'அழகிய காலைப் பொழுது' என்று எழுதித் தந்தால் சிரித்துவிட்டு அடித்துவிடுவாள். அழகு என்று கேட்டு யாரும் போன் செய்வதில்லை. 'சைக்கிளில் ரொட்டி விற்பவர், ஆயர் ஈத்தாம் சந்தை, காலை' என்று அவள் மாற்றி எழுதினால் அந்தப் படம் ஒரு மாதத்தில் போய்விடும். இந்தத் திறமையைக் கண்ட விஸ்வலிங்கம் ஒரு சட்டம் போட்டார். எந்தக் கார்டிலும் தேடுசொல் பதினைந்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் படம் இழுப்பறையிலேயே தூங்கும் என்பார். சாயங்காலம் ஒவ்வொரு கார்டாக எடுத்து விரல்விட்டு எண்ணவும் செய்வார்.

எண்பத்தாறாம் ஆண்டு அந்தச் சிலைடு வந்தது. பட்டர்வொர்த்தில் பெரி என்னும் பயணிகள் படகு வந்து நிற்கும் துறையில், காலை வெயிலில், பெஞ்சில் தலை தொங்க, வாய் திறந்தபடி தூங்கும் ஒரு மனிதர். அருந்ததி எழுதினாள்: ஆண், இந்தியர், நடுவயது, பெஞ்சு, தூக்கம், பெரி, துறை, காலை, வெயில், களைப்பு, தனிமை. பதினொன்றோடு நின்றுவிட்டது. அன்றைக்கு இன்னும் நாற்பது கார்டு பாக்கி. யோசிக்க ஏது நேரம்? வேலையின்மை, போதை, சம்சு, குடிகாரர் என்று நாலு சொல்லைச் சேர்த்துக் கணக்கை முடித்தாள். சம்சு என்றால் ரப்பர் தோட்டங்களில் திருட்டுத்தனமாக விற்கும் மலிவுச் சாராயம். அந்த ஆண்டு பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தன. கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கேட்டார்கள். மதுவை எதிர்க்கும் ஒரு சங்கம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது. அருந்ததிக்கு அன்று சந்தோஷம்கூட.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி சுருட்டிய போஸ்டருடன் மாடியேறி வந்தாள். பெயர் குணவதி. போஸ்டரை மேஜைமேல் விரித்தாள். அந்த மனிதரின் தொங்கிய தலையும் திறந்த வாயும் மட்டும் பெரிதாக்கப்பட்டு, 'சம்சு குடித்தவனின் கதி' என்று மேலே கொட்டை எழுத்து. அடியில் பொடி எழுத்தில் களஞ்சியத்தின் பெயர்.

"இது எங்கப்பா நல்லமுத்து. பிறைங்கிற ஊருல பெக்டரி, நைட் ஷிப்ட். காலையில பெரி வர்ற வரைக்கும் பெஞ்சுல கண்ணசருவாரு. பீடிகூட தொட மாட்டாருக்கா. அவரு குடிகாரருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அருந்ததி வாயைத் திறப்பதற்குள் விஸ்வலிங்கம் உள்ளறையிலிருந்து வந்துவிட்டார்.

"போஸ்டர நாங்க அடிக்கலம்மா. படத்த வாடகைக்கு விடறதோட எங்க வேலை முடிஞ்சிச்சு. அவங்க என்ன எழுதுனாங்கன்னு நாங்க எப்படிலா பார்க்கறது?"

குணவதி அவரைப் பார்க்கவில்லை, அருந்ததியிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். சுங்கை பாக்காப்பில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, பரிசமும் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் குடித்தே செத்தவர். அதனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் சுப்பையா, குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். அந்த சுப்பையாதான் தோட்டத்து மருந்தகச் சுவரில் சம்பந்தியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என்ன பேசப்போகிறார் என்பது தெரிந்ததுதான்.

குணவதி போனதும் அருந்ததி அந்தக் கார்டை எடுத்தாள். கடைசி நாலு சொல்லும் அவள் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தன.

"அதை அங்கேயே வை," என்றார் விஸ்வலிங்கம். "அது வெளிய போச்சுன்னா நாள பின்ன யாரும் நம்மகிட்ட படம் குடுக்க மாட்டாங்க. அப்புறம் நீ வேலைக்கு வர வேணாம்."

அவள் கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அதைவிட, முகம் தெரியாத ஒரு மனிதரை நாலு சொல்லில் கெடுத்தோமே என்ற வேதனை நெஞ்சை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை டத்தோ கிராமட் பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்கு அவள் போனபோது, சுப்பையாவும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலிகளில் இருந்தார்கள். பரிசத் தட்டு நடுவில் இருந்தது. நல்லமுத்து தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அருந்ததி நின்றபடியே கார்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பதினைந்து சொல் வேண்டியிருந்தது, பதினொன்றுதான் கிடைத்தது, மீதியை நானே சேர்த்தேன், இவர் குடிக்கிறவர் இல்லை என்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

சுப்பையா கார்டை வாங்கி நிதானமாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர்.

"இவர உனக்கு முன்ன பின்ன தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன்."

"தெரியாமயே குடிகாரருன்னு எழுதுன. தெரியாமயே இப்ப குடிக்க மாட்டாருன்னு சொல்ற. இதுல எத நம்பி நாங்க பொண்ணு எடுக்கறது?"

சுப்பையா எழுந்தார். இந்தப் பேச்சு இதோடு நிற்கட்டும் என்று நல்லமுத்துவிடம் மரியாதையாகவே சொன்னார். மற்ற இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கிப் போனார்கள். குணவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்லமுத்து மெல்லக் கேட்டார்.

"அந்தப் படத்த நல்லா பார்த்தியாம்மா?"

"பார்த்தேங்கய்யா. பூதக் கண்ணாடி வச்சுப் பார்த்தேன்."

"என் சட்டையில பெக்டரி பேட்ஜ் குத்தியிருப்பேன். மடியில சாப்பாட்டு டிபன் கேரியர் இருக்கும். தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சுங்கய்யா."

"பின்ன ஏன் அத எழுதல?"

பொய் சொல்ல வழியிருந்தது. அவள் சொல்லவில்லை.

"அதெல்லாம் வேணும்னு யாரும் போன் பண்ணமாட்டாங்கய்யா."

நல்லமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் படத்தயாவது கையோட கொண்டாந்திருக்கலாமேம்மா. அவங்களே பார்த்திருப்பாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிலைடு அவள் மேஜைக்குப் பின்னால், மூன்றாவது இழுப்பறையில்தான் இருந்தது. சங்கத்தார் அதைத் திருப்பித் தந்து ஆறு மாதமாகிறது. மூன்று நாளும் சாப்பிடாமல் அவள் யோசித்ததெல்லாம் கார்டைப் பற்றித்தான். படத்தை எடுத்துவர வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.