பேய்க்கு நான் கொடுத்த முகம்

பிள்ளைகளே, ஒரு பேயை உண்டாக்கியவன் நான்தான்! உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முகத்தை எடுத்து அதற்கு ஒட்டிவைத்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அம்பத்தூர்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் நான். பெரிய படிப்பில்லை. ஆனால் பேய்ப்படம் என்றால் விடமாட்டேன். போன கோடையில் பழைய பேய்ப்படம் ஒன்றைப் புதிதாகத் திரும்ப எடுத்து வெளியிட்டார்கள். மகள் மலரைக் கூட்டிப்போனேன். கடைசிவரை முகமே தெரியாத பேய்! திரும்பும் வழியில், வானகரம் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்:

"அது சாவறதுக்கு முன்னாடி யாருப்பா? இன்னாத்துக்குப் பேயாச்சு?"

படத்தில் அதற்குப் பதிலில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாமே! சொன்னேனா? மகளிடம் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டுமே... எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளையெல்லாம் மொட்டைமாடியில் உட்காரவைத்து ஒரு முன்கதை கட்டினேன். அந்தப் பேய் முன்பு தையல்காரி. தனிக்கட்டை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மாடியில் கூந்தலை விரித்து உலர்த்துவாள். தைத்த கூலியை ஊரார் தராமல் ஏமாற்ற, பட்டினியில் செத்துப் பேயானாள்.

எங்கள் மேல்வீட்டுச் செல்வியும் அப்படித்தான். மிச்சத் துணியில் பிள்ளைகளின் பொம்மைகளுக்குப் பாவாடை தைத்துத் தருவாள். கதைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது; கண்ணெதிரே இருந்தவளை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

பிள்ளைகள் அதைத் தங்கள் பங்குக்குத் திரும்ப எடுத்தார்கள். ஒருவன் ரத்தக் கத்தரிக்கோலைச் சேர்த்தான். இன்னொருத்தி, நடுராத்திரியில் தையல் மிஷின் தானாக ஓடும் என்றாள். பொம்மைகள் செல்வி வீட்டுக்குப் போவது நின்றது. ஒருநாள் படிக்கட்டில் அவளை ஈரத்தலையோடு கண்ட குழந்தை வீறிட்டு ஓடி, விழுந்து, பல்லை உடைத்துக்கொண்டது. மறுநாள் செல்வியின் வாசலில் யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள்.

அதைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்!

"ண்ணா, என்னியப் பேயின்னு எவனோ கதை கட்டிகினு கீறான். நான் இன்னாண்ணா பண்ணேன்?"

"வேலையில்லாதவன் எவனாச்சும் சொல்லியிருப்பான். நீ ஊட்டுக்குப் போம்மா."

வேலையில்லாதவன்! கதவருகே நின்றிருந்த மலர் என்னையே பார்த்தாள்.

பேய்ப்படங்களைத் திரும்ப எடுப்பதும் முன்கதை எடுப்பதும் தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். திரும்ப எடுக்கட்டும்... அதே பயம்தான், விளக்கு போட்டதும் போய்விடும். முன்கதை அப்படியா? யார், ஏன் என்று தெரிந்துவிட்ட பயம், ஆள் தேடித் தெருவுக்கு வந்துவிடுகிறது. யாருடைய முகத்தை எடுக்கிறோம் என்று யோசிக்கத் தெரிந்தவன் அதை எடுக்கட்டும். எனக்குத் தெரியவில்லை.

செல்வி இப்போது மொட்டைமாடிக்கு வருவதில்லை. ஈரத்தலையை இறுக்கி முடிந்துகொண்டுதான் படியிறங்குகிறாள்.

அந்தப் படத்துக்கே இப்போது முன்கதை தனிப்படமாக வந்திருக்கிறது. "போலாமா?" என்றேன் மலரிடம்.

"மேல செல்வி அத்தைகிட்ட சொல்லிட்டு வாப்பா. அப்புறம் போலாம்."

எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா!

செருப்பை மாட்டினேன். பாதிப் படி ஏறினேன்... மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.