பீட்ரூட் என்ற பொய்ச்சாட்சி

சிறுநீர் சிவப்பாகப் போன காலையில் நான் மருத்துவருக்குப் போன் செய்யவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ பீட்ரூட் வாங்கி வந்தேன். சிவப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் காரியத்துக்குப் பிறகு வருகிறதே என்பதை, தர்க்க நூல்கள் படித்தவன் என்ற முறையில், நானே கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.

எனக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். இன்னொன்றைப் புற்றுநோய்க்காக முன்பே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியதிலும் கட்டி வந்தபோது, கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். "தையல் இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. கோட்டைச் சுவர்ல கீறல் விழாம உள்ள இருந்தவன மட்டும் சுட்டாங்க" என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாதக்கணக்கில் பீற்றியிருந்தேன். சிவப்பாகப் போனால் அன்றைக்கே வரவேண்டும் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் அங்கே சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாளும் பீட்ரூட் பொரியல். இருபது வருடமாக அதை இலையோரம் ஒதுக்கியவன், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நாலாம் நாள் பாத்ரூம் வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"இன்னாங்க, உள்ள சேப்பா கெடக்குது?"

"பீட்ரூட்டு."

"நானுந்தான் தின்னேன். எனக்கு ஒண்ணும் வரலியே?"

தர்க்க நூல் ஒன்றும் படிக்காதவள் கேட்ட கேள்வி இது. மதியத்துக்குள் ரத்தக்கட்டி வழியை அடைத்து, சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் சாலையை அடைத்து நிற்க, நடுவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய எங்கள் கார், காருக்குள் நான். சாலையும் காரும் நானும் ஒரே நிலையில், அடைபட்டு இருந்தோம்.

"இதுவும் போச்சின்னா டயாலிசிஸ்தான். ஒண்ணே ஒண்ண வெச்சிகினு காய்கறி வாங்கப் போனீங்களே!" என்று அவள் அழுதாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில், வழியை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கதிர்வீச்சில் நைந்து கசிந்துகொண்டிருந்த ரத்தக் குழாயை அடைத்தார்கள். சிறுநீரகம் பிழைத்தது. மூன்றாம் நாள் கட்டிலோரப் பையில் சிறுநீர் வெறும் மஞ்சளாக இறங்கியது. அதை இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பியதும், இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"எழுதுங்க" என்றாள். "பொரியல் நல்லா இருந்துச்சின்னு ஒரு வரி சேத்துக்குங்க. மூணு நாளு தின்னீங்க, ஒரு வார்த்த சொல்லல."