ஜூஸ் கடை பெஞ்சுக்கு வெயில் படாமல் ஒரு பூச்சு

கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அக்காவின் ஜூஸ் கடை வாசலில் கிடக்கும் தேக்குப் பெஞ்சின் சாய்மானத்தில் அது ஒட்டியிருந்தது. வங்கியை மாற்றியதால் கிழிக்கச் சொன்னாள். அடியில் ஒரு சதுரம் மட்டும் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் பழைய வைக்கோல் நிறம். கடைக்கு மேலே தகரக் கூரை உண்டு, மழை படாது. அப்படியென்றால், சாயங்காலம் சாய்ந்து விழும் வெயில்தான் குற்றவாளி!

இரண்டு பெஞ்சும் நான் செய்தவை. படிப்பு முடித்த கையோடு, கப்பலூர்ப் பக்கம் வாங்கிய பழைய கதவுப் பலகைகளை அறுத்து, வீடியோ பார்த்துச் செய்தேன். அக்காவுக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது.

"சரி பண்றியா, பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போடவா?"

"தேக்குக்கா அது!"

"தேக்கா இருந்தா என்னடி? வாரவங்க தூசின்னு நெனச்சு தொடச்சுட்டுல்ல ஒக்கார்றாங்க."

அன்றைக்கே ஒரு பெஞ்சை இழைத்து, நிறமில்லாத வார்னிஷ் அடித்தேன். சீக்கிரம் காயட்டும் என்று, வத்தல் போடுகிற மாதிரி உச்சி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். மேல்தோல் மட்டும் காய்ந்து, பூச்சு முழுக்கக் கொப்புளம். அதைத் தேய்த்துவிட்டு நிழலில் மறுபடி அடித்தேன். கோடை முடிவதற்குள் மரம் திரும்ப வெளிறி, வார்னிஷ் வெங்காயச் சருகாக உரிந்தது.

"என்னடி, பெஞ்சு சட்டைய கழட்டுது?" என்றாள் அக்கா.

யோசித்தால் நியாயம்தான். பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஜன்னல் பக்கத்துக் கை கறுக்கிறதே! கண்ணுக்குத் தெரியாத பூச்சு, வெயிலையும் தடையில்லாமல் உள்ளே விட்டிருக்கிறது.

இந்த முறை பெஞ்சில் கை வைக்கவில்லை. துண்டுப் பலகைகளில் விதவிதமாக அடித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மாடியில் அடுக்கினேன். அம்மா வத்தல் தட்டோடு வந்தாள்.

"கட்டைய எடுறீ, வத்தல் காயணும்."

"இதுவும் காயத்தாம்மா வச்சிருக்கேன்."

"காஞ்சா எனக்கு வறுத்துக் குடு."

சில வாரம் கழித்துத் தாளைப் பிரித்தேன். வீட்டுக்குள் அடிக்கும் வார்னிஷ் அடித்த பலகையில், மூடிய பாதியும் திறந்த பாதியும் வேறு வேறு மரம் போல் இருந்தன. வெயிலைத் தடுக்கும் மருந்து கலந்த வெளிப்புற வார்னிஷில் கோடு மங்கலாகத் தெரிந்தது. அதே வார்னிஷுக்கு அடியில் லேசாகப் பழுப்புச் சாயம் கொடுத்திருந்த பலகையில் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலரு நல்லாத்தான் இருக்கு. ஒரு பெஞ்சுக்கு மட்டும் அடி. தீபாவளி வரைக்கும் தாங்குச்சுன்னா ரெண்டும் இருக்கட்டும். இல்ல, சேர்தான்."

சாயம் வாங்கியாயிற்று. நாளை, வெயில் ஏறும் முன்னே, நிழலில் வைத்து முதல் பூச்சு. பலகைகளின் அறுபட்ட முனைகளுக்கு மட்டும் ஒரு கை கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். போன முறை வார்னிஷ் உரியத் தொடங்கியது அங்கிருந்துதான்.